நான் பச்சையாக்கிய மீன்தொட்டி

வேதியியல் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும், இதில் இன்னும் கொஞ்சம் எதையாவது சேர்த்தால் நன்றாக வருமே என்று கை அரிக்கும். அந்த வியாதி எனக்கு முற்றியிருந்த காலத்தில்தான் நாங்கள் குடியேறியிருந்த தெலுங்கு நகரத்தின் தொழிற்பேட்டையான ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் டிரெயினியாகச் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாரும் மாதாப்பூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் தினமும் சைனிக்புரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் தலை ஜன்னலில் இடிக்க இடிக்கக் கனவு கண்டுகொண்டே போவேன். சாயங்காலம் கெமிக்கல் வாசனையோடு திரும்பி வருவேன். ("இவ தெருமுனைக்கு வந்துட்டான்னு மூக்கு சொல்லிருது" என்பார் அப்பா.)

கனவு என்றால் மீன்தொட்டிக் கனவு. ஏதோ ஒரு பத்திரிகையில் ஒரு படம் பார்த்திருந்தேன். தண்ணீருக்கடியில் ஒரு புல்வெளி, நடுவில் இரண்டு கல், மேலே மேகம்போல மிதக்கும் சின்ன மீன்கள். பார்த்ததிலிருந்து அந்தப் புல்லில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எங்கள் கம்பெனி ரிசப்ஷனில் காலியாக ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி கிடந்தது. தர நிர்ணயப் பிரிவுத் தலைவர் ராவ் சாரிடம் போய், அதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"மூணு மாசத்துல வெளிநாட்டு இன்ஸ்பெக்டர் வர்றாரும்மா. ஆயன மொதட சூசேதி ரிசப்ஷனே" என்றார் ராவ் சார், தனக்குத் தெரிந்த தமிழில் தெலுங்கைக் கலந்து. இன்ஸ்பெக்டர் கண்ணில் முதலில் படுவதே ரிசப்ஷன்தானாம். "நல்லா வந்தா உன் கன்பர்மேஷன் லெட்டர்ல நானே கையெழுத்து போடுவேன். ராகபோத்தே..." வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் முகமே சொல்லிற்று.

மணல் போட்டேன், இரண்டு கல் வைத்தேன், புல்லும் செடியும் நட்டேன், மேலே இரண்டு டியூப் லைட் மாட்டினேன். நீலக்கோடும் சிவப்புக்கோடும் போட்ட எட்டுக் குட்டி மீன்களை விட்டேன். தினமும் ஏழு மணி நேரம் வெளிச்சம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பொட்டாஷும் கலந்த கரைசலில் சில சொட்டு. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். மருந்துக் கம்பெனியில் தும்மினால்கூட எழுதிவைக்க வேண்டும். தவறு நடந்துவிட்டால் அதற்கென்று தனி அறிக்கை உண்டு. அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் நான் ஒரு மனிதரைப் பார்த்ததே இல்லை. மின்தடை, ஈரப்பதம், பம்ப்பு ஆகிய மூவர்தான் எங்கள் கம்பெனியில் தவறு செய்பவர்கள்.

இரண்டு மாதம் சொர்க்கம். மதியச் சாப்பாட்டை அவசரமாக விழுங்கிவிட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். இலை நுனியில் ஒரு குமிழ் உருவாகி, யோசித்து, மெதுவாக மேலே போகும். அதோடு நானும் போய்விடுவேன். மணியடித்தால்தான் திரும்பி வருவேன்.

ஆனால் புல் படரவில்லை. இன்ஸ்பெக்டர் வர மூன்று வாரம் இருக்கையில் அது இன்னும் சொட்டைத் தலை மாதிரிதான் இருந்தது. வீட்டில் புலம்பினேன். அப்பா பாலாநகர் தொழிற்சாலை ஒன்றில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்று, ரோஜா வளர்த்துக்கொண்டிருந்தவர்.

"ஏட்டி, செடிய அது போக்குல விடு. நான் அளந்துதான் உரம் போடுதேன். இத்தன வருச சர்வீஸ்ல எங்கையால ஒரு தப்பு நடந்திருக்கா?"

உண்மையில் அப்பா ஒரு தவறையும் ஒப்புக்கொண்டதில்லை. ஸ்கூட்டர் சுவரில் மோதினால் சுவர்தான் வந்து மோதியிருக்கும். ஆகவே அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. என் மூளை வேறு கணக்குப் போட்டது: மருந்து சமைக்கும் ரியாக்டரில் சூட்டைக் கூட்டி, சரக்கைக் கூட்டினால் விளைச்சல் கூடும். தொட்டியும் ஒரு ரியாக்டர்தானே? (தங்க மெடல் வாங்கிய மூளை!) இன்னும் இரண்டு டியூப் லைட் மாட்டினேன். சத்துக் கரைசலை இரட்டிப்பாக்கினேன். வாட்ச்மேன் யாதகிரியிடம், "லைட் பந்த் நக்கோ கரோ" என்று அணைக்கவே வேண்டாமென உத்தரவும் போட்டேன்.

நான்காம் நாள் தண்ணீரில் லேசாகப் பச்சை தட்டியது. இலைகளின் பளபளப்பு என்று பூரித்துப்போனேன். ஆறாம் நாள் கல் மறைந்தது. செடிக்குச் சத்துப் போதவில்லை என்று முடிவுகட்டி இன்னும் ஊற்றினேன். பிறகுதான் புரிந்தது: அத்தனை வெளிச்சத்தைச் செடி பயன்படுத்தக் கரியமிலவாயு வேண்டும்; தண்ணீரில் அது அவ்வளவு இல்லை. செடிகள் சாப்பிட முடியாமல் விட்ட விருந்தைக் கண்ணுக்குத் தெரியாத பாசி வந்து பந்தி போட்டுச் சாப்பிட்டது. நான் பரிமாறிக்கொண்டே இருந்தேன்.

பாதித் தண்ணீரை மாற்றிப் பார்த்தேன். மறுநாளே பழையபடி ஆகிவிட்டது. "க்யா மேடம், மச்சியாங் கிதர் கயே?" என்று யாதகிரி கண்ணாடியில் மூக்கை வைத்து மீன்களைத் தேடினார். எனக்கே தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் வரும் அன்று காலை நோட்டை எடுத்து எழுதினேன். தண்ணீர்: பச்சை. மீன்: எட்டு, நம்பிக்கையின் பேரில். காரணம் என்று எழுதி யோசித்தேன். மின்தடை என்று போடலாம். எட்டு மீன்கள் உள்ளே இருட்டில் தடவிக்கொண்டிருக்கும்போது மனது வரவில்லை. 'நான்' என்று எழுதினேன்.

இன்ஸ்பெக்டர் நெட்டையான வெள்ளைக்காரர். பயணக் களைப்போடு தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். அப்போது ஜன்னல் வழியாக வெயில் வந்து தொட்டிக்குள் இறங்கியது. ரிசப்ஷன் முழுக்கப் பச்சை ஒளி. சுவர் பச்சை, தரை பச்சை, ராவ் சாரின் வெள்ளைச் சட்டையும் பச்சை. அந்த ஒளிக்குள்ளிருந்து ஒரு நீலக்கோடு மெல்ல வந்து கண்ணாடியைத் தொட்டு, திரும்ப உள்ளே கரைந்தது. எனக்கு வேலை, லெட்டர் எல்லாம் மறந்துபோயிற்று. நான் கண்ட கனவுப் புல்வெளிக்குள் வந்து நிற்பதுபோல இருந்தது. அவரும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் இங்கே என்ன தயாரிக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மாத்திரை சார்" என்றார் ராவ் சார், ஈன சுரத்தில்.

"இதற்குப் பதிவேடு உண்டா?"

நோட்டை நீட்டினேன். கடைசிப் பக்கத்தைப் படித்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். "இந்தக் கட்டத்தில் ஓர் ஆளை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ராவ் சார் பக்கம் திரும்பினார். "மற்ற அறிக்கைகளின் காரணக் கட்டங்களையும் கொஞ்சம் காட்டுங்கள்."

நான்கு நாள் காட்டினோம். மின்தடையும் ஈரப்பதமும் பம்ப்பும் வரிசையில் நின்று விசாரணைக்கு உள்ளாயின. ராவ் சார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு லெட்டர் வந்தது. நிரந்தர வேலைதான், ஆனால் ஆய்வகத்தில் இல்லை, ஆவணப் பிரிவில். எல்லாரிடமும் போய் 'காரணம் என்ன?' என்று கேட்கும் வேலை. இன்றுவரை அதைத்தான் செய்கிறேன்.

இன்ஸ்பெக்டர் போனதுமே தொட்டியைக் கம்பளியால் மூன்று நாள் மூடி, விளக்கைப் பழையபடி குறைத்து, தண்ணீரை மாற்றினேன். தெளிந்தபோது எண்ணினேன். எட்டும் இருந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டில் இப்போதும் சாம்பாரில் உப்பு கூடினால், பால் பொங்கினால், யாராவது "காரணம்?" என்பார்கள். எல்லாரும் என்னைப் பார்த்துக் கோரஸாக "நான்!" என்பார்கள். நான் பக்கத்திலேயே இல்லாவிட்டாலும் அதுதான் பதில்.

அப்பா மட்டும் இதில் சேரமாட்டார். ஒரு வருடம் காலனி மலர்க் கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்னால் அவருடைய ரோஜாச் செடிகள் எல்லாம் இலை கருகி நின்றன. அப்பா ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தார். பிறகு கையில் உர டப்பாவோடு உள்ளே வந்தார். நாங்கள் யாரும் காரணம் கேட்கவில்லை.

"நான்தாம்ட்டி" என்றார்.