பையில் இருந்த நாகம்

பெண் கேட்கப் போகிறவன் தன் படிப்பைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. இது எனக்குத் தாமதமாகக் கிடைத்த ஞானம். (எல்லா ஞானமும் எனக்கு அப்படித்தான்.)

நான் இத்தாலியின் பலேர்மோவில் கனிமங்களின் மின்வேதியியலை ஆராய்ந்துகொண்டிருந்தேன். சல்பைட்டுக் கல்லைக் கரைசலில் வைத்து, மின்சாரம் கொடுத்து, அது என்ன செய்கிறதென்று பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இந்த மகத்தான உத்தியோகத்தை நம்பித்தான் என் காதலி அனிற்றாவைப் பெண் கேட்க, அவள் வீடிருந்த பிரான்காச்சோவுக்கு பஸ் ஏறினேன்.

"நிரந்தர வேலை இல்லாதவனுக்கு அப்பா என்னைத் தரமாட்டார். இங்கிலீசு கலந்து கதைச்சாலும் பிடிக்காது" என்று அவள் எச்சரித்திருந்தாள். முதலாவதற்கு வழியில்லை. இரண்டாவதில் நான் புலி. தமிழிலேயே விஞ்ஞானம் படித்தவன்; 'சிங்க்' என்ற உலோகத்துக்கு எங்கள் பள்ளிப் புத்தகத்தில் நாகம் என்றுதான் பெயர்.

அவளுடைய அப்பா சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் ஆரஞ்சு பறிப்பவர். ஒரு கூடைப் பழத்தை முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி என்ன ஆராய்ச்சி செய்யிறீர்?"

"நாகம் ஐயா."

"நாகமோ? இஞ்சையோ?"

"ஓம். மின்சாரம் குடுத்துப் பாக்கிறன்."

அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"செம்புக் கரைசல் விட்டால் நல்லா உசாராகும். நுரையோட மேலை எழும்பி வரும்."

"கையாலையோ பிடிக்கிறனீர்?"

"பழகிட்டுது ஐயா. ஒண்டு பையிலை கிடக்கு, காட்டட்டோ?"

பையின் சிப்பை இழுத்ததும் அவர் கதிரைமேல் ஏறிவிட்டார். அனிற்றாவின் அம்மா பல்கனிக்கு ஓடி, "செர்ப்பென்தே! பாம்பு! பாம்பு!" என்று இரண்டு மொழியிலும் கத்தினார். எதிர்வீட்டு இத்தாலியச் சின்யோரா உடனே தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டார். (நம் ஊரில் அயலவர்கள் இவ்வளவு உதவி செய்வார்களா?) அதற்குள் அனிற்றாவின் அப்பா கதிரையில் நின்றபடி மண்டரின்களை என் பைமேல் எறிந்துகொண்டிருந்தார். எட்டாவது என் மூக்கில் பட்டது. கல்யாணம் போச்சு என்று அழுகையே வந்துவிட்டது.

இரண்டு வீரர்கள் வந்து நீளத் தடியால் பையைக் கவிழ்த்தார்கள். கறுப்புக் கல் ஒன்று உருண்டு விழுந்தது.

"சிங்கோ" என்றேன் இத்தாலிய மொழியில், ஈனக் குரலில்.

அவர் கதிரையிலிருந்து இறங்கினார். "சிங்க் எண்டு நல்ல தமிழிலை சொல்லுறதுக்கென்ன?"

பிறகு கல்லைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: "பாம்பாட்டி இல்லை, கல்லுக்காரன்தான். பரவாயில்லை, குடுப்பம்."

இப்போதும் அவர் வீட்டுக் கதவைத் தட்டினால், திறக்குமுன் உள்ளேயிருந்து கேட்பார்: "பையிலை ஆரும் இருக்கினமோ?"

"இல்லை மாமா, நான் மட்டும்தான் வந்தனான்."

"அதுதானே பயம்."