கம்ப்யூட்டருக்குத் தீர்த்தம்

வெள்ளிக்கிழமைகளில் ஆலங்குடி பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடையாது. ஆட்கள் மட்டும் என்றால் நெருக்கியடித்து நிற்கலாம். ஆளுக்கொரு கம்ப்யூட்டரைப் பச்சைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தால் கண்டக்டர் என்ன செய்வார்? “பொட்டிக்கும் டிக்கெட் எடுக்கணும்” என்று கத்திப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். பக்தி முற்றிய பிறகு டிக்கெட் ஒரு பொருட்டா?

அத்தனை பேரும் போனது ஒரே இடத்துக்கு. அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் கணினிச் சித்தர் ஆவுடையப்பன் அருள்பாலித்துக்கொண்டிருந்தார். சித்தராவதற்கு முன் அவர் இன்வெர்ட்டர் விற்றவர். அப்போது அவர் பேச்சை ஒருவரும் நம்பவில்லை. வேட்டியைக் காவியில் முக்கினார். அதே வாய், அதே பேச்சு, ஊரே நம்பியது.

கம்ப்யூட்டர் சூடாவதற்குக் காரணம் அக்கினி தோஷம் என்பது சித்தரின் கண்டுபிடிப்பு. பரிகாரம், குளிர் தீர்த்தம். மஞ்சளும் சந்தனமும் கலந்து மந்திரம் ஏற்றிய தண்ணீர். சில கம்ப்யூட்டர்களைக் குளிர வைக்க உள்ளே குழாயில் தண்ணீர் ஓடுகிறதே, அந்தத் தண்ணீருக்குப் பதில் இதை ஊற்ற வேண்டும். குழாயே இல்லாத கம்ப்யூட்டர் என்றால்? மேலே தெளித்தால் போதும். தெளித்ததில் சில கம்ப்யூட்டர்கள் ஒரேயடியாகக் குளிர்ந்து, மறுபடி எழுந்திருக்கவே இல்லை. அதற்கு முக்தி என்று பெயர் வைத்தார். பாட்டிலில் பிள்ளையார், மாதா, பிறை என்று மூன்று வகை ஸ்டிக்கர். உள்ளே ஒரே தண்ணீர். மத நல்லிணக்கத்துக்கு இவ்வளவு பாடுபட்டவர் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

கீரனூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருந்த ரத்தினவேலும் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். அவரிடம் எடிட்டிங் வேலை பார்த்த மெர்லினுக்கு வினை அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

மெர்லின் ஆவூர்க்காரி. பிசிக்ஸ் படித்தவள். கோடை வந்தால் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் தாலி கட்டும் நேரத்தில் சரியாக அணைந்துபோகும். நாதஸ்வரம் கேட்கும், படம் இருக்காது. பொறுத்துப் பார்த்தவள், ரத்தினவேலிடம் மன்றாடிச் சாமான்களை வரவழைத்தாள். சின்ன பம்ப், தண்ணீர்த் தொட்டி, சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர், குழாய்கள், சிப்பின் தலையில் உட்காரும் செம்புக் கட்டி. எல்லாம் தனித்தனியாக வந்தன. கோர்ப்பது அவள் பாடு.

முதல் தடவை. குழாயைக் கோணலாக வெட்டி ஒன்றை வீணாக்கினாள். ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்தாள். மற்ற எதற்கும் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, எங்கேயாவது ஈரம் தெரிகிறதா என்று பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு மூலையில் பேப்பர் நனைந்தது. கழற்றி, மறுபடி முறுக்கினாள். குழாயில் நின்ற காற்றுக் குமிழிகளை விரட்டப் பெட்டியை அங்கிட்டும் இங்கிட்டும் சாய்த்தாள். கடைசியில் எல்லாப் பேப்பரும் காய்ந்து கிடந்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மே மாத வெயிலில் மூன்று கல்யாணம் முழுசாக முடிந்தது. ஒரு தாலியும் இருட்டவில்லை.

நன்றாக ஓடுவதை அப்படியே விட்டுவிட நம் ஆட்களுக்கு மனசு வருமா? மெர்லின் லீவில் இருந்த ஒரு நாள் ரத்தினவேல் தொட்டியைத் திறந்து, பழைய தண்ணீரை வடித்துவிட்டுத் தீர்த்தத்தை ஊற்றினார். நல்லதுக்கு மேல் நல்லது நடக்கட்டுமே என்றுதான். அடுத்த வாரமே சூடு ஏறியது. தேவிப்ரியா என்கிற பெண்ணின் கல்யாண வீடியோ பாதியில் நிற்க, பொண்ணும் மாப்பிள்ளையும் சிங்கப்பூருக்குக் கிளம்ப, பொண்ணு வீட்டார் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்று கத்தினார்கள்.

ரத்தினவேல் வெளியே போய்ச் சித்தருக்குப் போன் போட்டார். திரும்பி வந்தவர் மெர்லினின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“மெஷினைக் கட்டுனவங்க கையில தோஷமாம்மா. அந்தக் கை பட்ட எடத்துல தீர்த்தம் நிக்காதாம். நீ கொஞ்ச நாளைக்கி வேலைக்கி வர வேணாம்.”

மெர்லின் நேரே போய்ச் செம்புக் கட்டியைக் கழற்றினாள். உள்ளே சீப்புப் பல்லைவிட மெல்லிய இடுக்குகள். அத்தனையிலும் மஞ்சளும் சந்தனமும் அப்பிக் கிடந்தன.

“தண்ணி போக வழியில்லைண்ணே. அதான் சூடு.”

“அது தோஷத்தை இழுத்து வச்சிருக்கும்மா” என்றார் ரத்தினவேல். சாட்சி எதைக் காட்டினாலும் அது சித்தர் பக்கமே சாய்ந்தது.

“சரிண்ணே. வெள்ளிக்கிழமை நானும் வாரேன். எங் கையைப் பாத்து அவரே சொல்லட்டும்.”

மண்டபத்தில் மேடை நடுவே சித்தரின் கம்ப்யூட்டர் நின்றது. கண்ணாடிப் பெட்டி, நீல வெளிச்சம், வளைந்து வளைந்து குழாய்கள். சுவரில் பெரிதாகச் சூட்டின் அளவு தெரிந்தது. பக்கத்தில் மவுஸைப் பிடித்தபடி சித்தரின் மச்சான் ஆண்டிச்சாமி. அவர் எதையோ தட்ட, எண் ஏறியது. எழுபது, எண்பது, தொண்ணூறு. கூட்டம் உச்சுக்கொட்டியது.

“எல்லாரும் கண்ணை மூடுங்க. ஒங்க ஒங்க மெஷினை மனசுல நெனைங்க” என்றார் சித்தர். மூடினார்கள். தீர்த்தம் தொட்டியில் விழும் சத்தம் கேட்டது. “தெறங்க!” எண் நாற்பதுக்கு இறங்கியிருந்தது. ஆஹா என்று மண்டபம் அதிர்ந்தது.

மெர்லின் கண்ணை மூடவில்லை. மச்சானின் விரல் மவுஸில் ஒரு தட்டுத் தட்டியதைப் பார்த்தாள். கம்ப்யூட்டருக்குக் கொடுத்த வேலையை நிறுத்தினால் சூடு தானாக இறங்கும். நேரே மேடை ஏறினாள்.

“சாமி, இந்த ரேடியேட்டர்ல கை வச்சுப் பாக்கலாமா?”

“தாராளமா. எல்லாரும் வந்து தொட்டுப் பாருங்க!”

நாலைந்து பேர் ஏறி வந்து கை வைத்தார்கள். “ஜில்லுன்னு இருக்கு சாமி!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மெர்லின் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “கொதிக்கிற சோத்துமேல ஃபேன் போட்டா, அந்தப் பக்கம் வர்ற காத்து சூடா இருக்குமா, ஜில்லுன்னு இருக்குமா?”

“சூடாத்தான் இருக்கும்” என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

“தொண்ணூறு டிகிரி சூட்டை இந்தத் தண்ணி தூக்கிட்டு வந்திருந்தா, இந்நேரம் இங்கிட்டு அனல் அடிக்கணும்ல? அந்தச் சூடு எங்க போச்சு?”

சித்தர் சிரித்தார். “ஆகாசத்துல கலந்துருச்சு தாயீ.”

“அப்ப இன்னொரு தடவை கலக்கட்டும் சாமி. இந்தத் தடவை எல்லாரும் கண்ணைத் தெறந்தே வச்சிருப்போம். மவுஸை நான் புடிச்சுக்கறேன்.”

ஆண்டிச்சாமி மவுஸைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “குடுய்யா, பாப்போம்” என்று கூட்டத்தில் நாலு பேர் குரல் விட்டார்கள். வேறு வழியில்லை, கொடுத்தார். மெர்லின் தன் பென்டிரைவைச் செருகித் தேவிப்ரியாவின் கல்யாணத்தை ஓடவிட்டாள். எண் ஏறியது. சித்தர் ஊற்றினார். ஏறியது. மந்திரம் சொன்னார். ஏறியது. இன்னொரு பாட்டில் ஊற்றினார். தொட்டி வழிந்தது, சூடு தாங்காமல் படக்கென்று கம்ப்யூட்டர் அணைந்தது.

“நம்பிக்கை இல்லாதவ மேடையில நிக்கிறா! அதான் தீர்த்தம் வேலை செய்யல!”

“நான் எங்க மெஷின்ல பேட்டரிக்கு ஊத்துற சாதா தண்ணிதான் ஊத்துனேன் சாமி” என்றாள் மெர்லின். “அது எங்கிட்ட நம்பிக்கை எதுவும் கேக்கலையே.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பின்வரிசை வரை பரவியது. கூட்டத்தோடு உட்கார்ந்திருந்த ரத்தினவேல் மேடை ஏறி, கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். பம்பின் ஒயர் எதிலும் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

“யோவ்! ஒம் பம்பு ஓடவே இல்லையேய்யா! மஞ்சத்தண்ணி போனா அடைச்சுக்கும்னு ஒனக்குத் தெரிஞ்சுதான் ஒன் மெஷினுக்கு ஒயரைப் புடுங்கி வச்சிருக்க. எங்க மெஷின்னா மட்டும் ஊத்தச் சொல்லுவியா?”

சித்தர் பந்தி நடக்கும் கூடம் வழியாக வெளியே பாய்ந்தார். சமையல்கட்டு வாசலில் இன்னொரு கூட்டம், முக்தியடைந்த கம்ப்யூட்டர்களை மடியில் வைத்துக்கொண்டு, அவருக்காகவே காத்திருந்தது. காவி வேட்டி மட்டும் தப்பித்துவிடுமா? அதுவும் கிழிந்தது. போலீஸ் வந்துதான் அவரைப் பத்திரமாக மீட்டது.

மண்டபத்து வாசலில் ரத்தினவேல் தலையைச் சொறிந்தார். “திங்கக்கெழமை வந்துரும்மா. அந்தச் செம்பை நானே கழுவித் தாரேன்.”

“பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால கழுவுங்கண்ணே. சோப்பு வேணாம்” என்றாள் மெர்லின். கோபம் இன்னும் குரலில் இருந்தது. அவரும் அதைக் கேட்டுக்கொண்டார்.

அதற்குள் இரண்டு பேர் ஓடி வந்து அவள் முன்னால் கைகூப்பினார்கள். “அம்மா, ஒங்களுக்குத்தான் உண்மையான சக்தி இருக்கு. அந்தப் பேட்டரித் தண்ணியை ஒங்க கையால தொட்டு ஒரு பாட்டில் குடுங்க!”

மெர்லின் அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு சித்தரை விரட்டி முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“அண்ணே, கம்ப்யூட்டருக்கு என்ன ஊத்தணும்னு அப்பறம் பாக்கலாம்” என்றாள். “மொதல்ல ஒங்க மண்டையில இருக்கறதுக்குக் கரண்ட் குடுங்க. அதுவும் ஓடுற சாமான்தான்.”