காப்பிய வுட்டேன், புளியமரம் வுடல

மாசி மாசம் புளி காஞ்சி தொங்கற நேரமாப் பாத்து நான் காப்பிய வுட்டுட்டேன். ஏன் அந்த நேரம்னு கேக்கறீங்களா? அதுலதாங்க விஷயமே கீது.

எங்க ஜவ்வாது மலைல புளி உலுக்கறதுன்னா மரத்து மேல ஏறி, கெளய மிதிச்சி மிதிச்சி ஆட்டணும். கெளயோட நம்மளும் ஆடணும். எங்களுக்கு மரம் நாலு. எனக்கு இடுப்பு ஒண்ணு.

அப்பதான் பக்கத்து வூட்டு கோபால்சாமி கண்ணமங்கலம் போய்ட்டு வந்து சேதி சொன்னான்.

"மச்சான், என் சகல காப்பிய வுட்டுட்டானாம். தலவலில எந்திரிக்கவே முடியலியாம். படுத்த எடத்துக்கே கஞ்சி வருதாம். கால் வேற அமுக்கறாங்களாம்."

எனக்கு கண்ணு தெறந்துடுச்சி. நேரா வூட்டுக்கு வந்து சம்சாரத்த கூப்ட்டேன்.

"ஏம்மே ரேணுகா, இன்னியிலேர்ந்து காப்பிய தொடமாட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"ஒடம்புக்கு ஆவாதுமே."

"எந்த ஒடம்புக்கு? காப்பி லேட்டானா சட்டிய எட்டி ஒதைக்குமே, அந்த ஒடம்புக்கா?"

"உம்மேல சத்தியம்."

"எம்மேல வாணாம். புளியமரத்து மேல பண்ணு."

சொல்லிட்டு போய்ட்டா. அப்பவே நான் உஷாராயிருக்கணும்.

தலவலின்னு நடிக்கலாம்னுதான் நெனச்சேன். மறுநாளு நெசமாவே வந்துடுச்சிங்க! மண்டக்குள்ள எவனோ ஒக்காந்து கேவுரு அரைக்கிறான். கொட்டாவின்னு தெறந்த வாயி மூட மாட்டேங்குது.

படுத்துக்கினே இருந்தா குடிச்ச காப்பியெல்லாம் ஞாபகம் வருது. நைனாவோட திருப்பத்தூர் சந்தைக்கு புளி ஏத்திக்கினு போனப்ப, அவரு ஆத்தி ஊதி என் வாயில வச்ச மொத காப்பி. நாக்கு பொத்துப்போச்சி. அப்பவும் கெளாச வுடலியே நானு!

படவேட்டுக் கோயில்ல தாலி கட்டிட்டு பஸ்ஸுக்கு நின்னப்ப, ஒரே கெளாசுல நாங்க ரெண்டு பேரும் குடிச்ச காப்பி. பாதி குடிச்சிட்டு தல குனிஞ்சிக்கினே நீட்னா. அவ வெரல்ல மஞ்ச வாசன, கெளாசுல காப்பி வாசன. அப்பல்லாம் இவளுக்கு வெக்கம் கூட வரும்.

ஐப்பசி மழைல கம்பளிக்குள்ள மூக்க மட்டும் நீட்டிக்கினு குடிச்சது எத்தினி!

ஆனா எல்லாத்துக்கும் மேல, போன தீவாளிலேர்ந்து இவ போட்டுக் குடுத்த காப்பிதான். கருப்பா, கெட்டியா, வெல்லம் போட்டு. நெனச்சா கண்ணுல தண்ணி வந்துடுச்சி.

கோபால்சாமி பாக்க வந்தான். அவன் கையப் புடிச்சிக்கினு அழுதேன்.

"நைனாவக் கூட மறந்துடுவேன்டா. இவ காப்பிய மறக்க முடியலடா!"

பொடவய இழுத்து சொருவிக்கினு, கூடையோட வந்து நின்னா ரேணுகா.

"இன்னாய்யா, காப்பிய வுட்டதாலதான் தலவலியா?"

"பின்ன? ரத்தத்துல ஊறிப்போச்சிமே. புளி முடியற வரைக்கும் இப்பிடித்தான் இருக்குமாம்."

"ஆமா தங்கச்சி, என் சகலைக்கும் அப்பிடித்தான்"னான் கோபால்சாமி.

"தீவாளிக்கு முன்ன நர்சம்மா வந்து பிபி பாத்தாங்களே, ஞாபகம் கீதா?"

"கீது."

"காப்பிய நிறுத்தச் சொல்லி எங்கிட்ட சொன்னாங்க. ஒங்கிட்ட சொன்னா நீ ஆடுவ. தீவாளிலேர்ந்து நீ குடிச்சது காப்பியே இல்ல. புளியங்கொட்டய வறுத்து இடிச்ச தூளு."

கோபால்சாமி துண்ட வாயில வச்சி அமுக்கறான், தோள் மட்டும் குலுங்குது.

"நம்ம ஊர்ல கடையும் கெடையாது. காப்பி குடிக்க மலைய வுட்டு எறங்கணும். நீ கட்டில வுட்டே எறங்கறதில்ல. ஒரு சொட்டு காப்பி ஒன் தொண்டைல போவல. எத வுட்டுட்டுய்யா இப்பிடி படுத்துக்கினு கீற?"

ஞாயமான கேள்விதான். கட்டில்ல எந்திரிச்சி ஒக்காந்தேன்.

"அப்ப... இந்த தலவலி?"

"அது ஒன் சொந்த வெளச்சல். மரத்துல ஏறி நல்லா உலுக்கு. புளியோட சேந்து அதுவும் கீழ வுழும்."

மொத மரத்துலயே வுழுந்துடுச்சிங்க.