அறிவித்தல் அண்ணன் சண்டைக்குப் போன கதை

கண்டியில் மரியாதையாகச் சாக விரும்புகிறவர், அறிவித்தல் அண்ணன் உயிரோடு இருக்கும்போதே செத்துவிட வேண்டும். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் உங்கள் பெயரை மரண அறிவித்தலாகக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து பேராதனைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பார். வாழ்ந்த காலத்தில் ஒரு நாய்கூட மதிக்காத ஆளையும் ஒரே மூச்சில் 'அன்னார்' ஆக்கிவிடுவார். அந்தக் குரலில் தன் பெயரைக் கேட்பதற்காகவே ஒருமுறை செத்துப் பார்க்கலாம் என்று எங்கள் முகாமையாளர் சொல்வார். நான் வேலை செய்வது ஆயுள் காப்புறுதி அலுவலகத்தில். அங்கேயே இந்தப் பேச்சு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழிலில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த ஓட்டோ எந்த வாசலில் நின்றாலும் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். தண்ணீர் கேட்கத்தான் நிறுத்தினேன் என்று அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே பாதி அழுகை முடிந்திருக்கும். கல்யாணங்களுக்கு அவரை யாரும் அழைப்பதில்லை. தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால் பக்கத்துக் கதிரை காலியாகும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் இத்தாலியில். ஊருக்கெல்லாம் குரல் கொடுத்தவரோடு பேசத்தான் ஆளில்லை.

மைக் பழுதானதால்தான் எங்களிடம் வந்தார். அக்குறணையில் மாடிப்படி ஏறிப்போனால் நிஸ்தாரின் கணினி திருத்தும் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் நிஸ்தாரும் நானும் அங்கே உட்கார்ந்து, திகனையில் தன் வீட்டிலிருந்து விளையாடும் பாசிலையும் வேறு சிலரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு இணையத்தில் சண்டை போடுவோம். பழைய கணினி யுத்த விளையாட்டு ஒன்றின்மேல் ரசிகர்கள் சிலர் சம்பளமில்லாமல் கட்டிச் சேர்த்த ‘மொட்’ அது. நிஜ யுத்தம்போலவே இருக்கும் என்று நிஸ்தார் பீற்றிக்கொள்வான்.

அதை முதன்முதல் விளையாடியபோது எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். நடந்தேன். மறுபடியும் நடந்தேன். குறிபார்க்கத் திரையில் புள்ளி இல்லை, மிச்சம் எத்தனை குண்டு என்று காட்ட எண் இல்லை. ஓடினால் மூச்சு வாங்கி, துப்பாக்கி ஆடியது. ஒரு வயலைத் தாண்டும்போது திரை கறுப்பாகிவிட்டது. மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து நிஸ்தாரைப் பார்த்தேன். "நீ செத்திட்டாய்" என்றான். யார் சுட்டது என்று இந்த மொட் சொல்லாது. இன்னார் செத்தார் என்று கூட்டாளிகளுக்கும் சொல்லாது. செத்தவன் பேசினால் உயிரோடிருப்பவனுக்குக் கேட்காது. அலுப்பாக இருந்தது, ஆனால் அடுத்த ஞாயிறும் போனேன்.

அண்ணன் மைக்கோடு படியேறி வந்த நேரம் நான், "ஐயோ, பாசில் செத்துட்டான்" என்றேன்.

அண்ணன் தொப்பியைக் கழற்றினார். "எந்த ஊரு தம்பி? எப்ப எடுக்குறாங்க?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப கூட இருந்தவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுண்ணே. அதுதான் இதோட விசேஷமே."

"மனுசன் செத்தத சொல்லாம ஒரு சண்டையா? என்னாங்க இது, ஆடு மாடா?"

அன்றே ஒரு கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

யாரையும் அவர் சுட்டதில்லை. "சுட்டா அந்தாளோட விபரத்த நான் யாருகிட்ட போயி கேக்குறது?" என்பார். துப்பாக்கியைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு எங்கள் பின்னால் வருவார். ஒருவன் விழுந்ததைக் கண்டால் அங்கேயே நின்று, தொண்டையைச் செருமிக்கொள்வார். "திகனையைப் பிறப்பிடமாகவும், தண்ணீர்த் தாங்கியின் பின்புறத்தை இறுதி வசிப்பிடமாகவும் கொண்ட பாசில் அவர்கள் சற்றுமுன் வபாத்தானார் என்பதை..." முஸ்லிம் பிள்ளைகளுக்கு 'வபாத்தானார்', எங்களுக்குக் 'காலமானார்'. விளையாட்டிலும் அதை மாற்றிச் சொன்னதில்லை.

கேட்க அழகுதான். ஆனால் அந்த மொட்டில் நாம் பேசுவது பக்கத்தில் பதுங்கியிருக்கும் எதிரிக்கும் கேட்கும். ஒரு மரணத்தை அவர் அறிவித்து முடிப்பதற்குள் அறிவிக்க இன்னும் மூன்று மரணங்கள் சேர்ந்துவிடும்.

நிஸ்தார் பொறுத்துப் பார்த்தான். ஒருநாள் முடியவில்லை. "அண்ணன், நீங்க வாயத் தொறந்தா நாங்க எங்க ஈக்கிறோம்னு அவனுகளுக்குத் தெரியுது. ஞாயித்துக்கெழம பேராதனைப் பொடியன்மாரோட மேட்ச். அன்டைக்கும் அறிவிச்சீங்கன்டா, பொறகு நீங்க வரத் தேவல்ல."

"சரிங்க தம்பி," என்றார் அண்ணன். முகம் விழுந்துவிட்டது. படியேறும் சத்தம் கேட்டதுமே 'வாங்கண்ணே' என்று அவரைக் கூப்பிட்ட இடம் இந்தப் பூமியில் அந்தக் கடை ஒன்றுதான். எனக்குத் தாங்கவில்லை. ஆனால் நிஸ்தார் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது.

ஞாயிறு அண்ணன் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு வந்தார். வாய் தவறிவிடக் கூடாதென்று இரண்டு கன்னத்திலும் புளி டொபியை அடக்கிக்கொண்டார்.

ஒரு பாலத்தைக் காப்பது எங்கள் வேலை. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். அண்ணனின் கண் கலங்கியது, டொபி மட்டும் கடக்முடக் என்றது. செத்தவன் யார், இருப்பவன் யார் என்று தெரியாமல், நிஸ்தார் பிணங்களுக்கெல்லாம் கட்டளையிட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவனுடைய திரையும் கறுத்தது. தலைவன் போனது திகனையிலிருக்கும் பாசிலுக்குத் தெரியாது. தெரிந்தால்தான் அவன் பொறுப்பை எடுப்பான். பாலத்தில் அவனுக்குப் பக்கத்தில் நின்றது அண்ணன்தான், என் குரல் அவ்வளவு தூரம் எட்டாது.

நிஸ்தார் கதிரையைத் திருப்பினான். "அண்ணன், சொல்லுங்க."

"என்னாத்த தம்பி?"

"நான் மவுத்தாப் போனேன்டு சொல்லுங்க."

அண்ணன் டொபியை எடுத்துக் கைக்குட்டையில் வைத்தார். "வாப்பா பேரு?"

"நேரமில்ல அண்ணன்."

"வாப்பா பேரு இல்லாம எப்படிங்க சொல்றது?"

"ஹனிபா," என்று பல்லைக் கடித்தான் நிஸ்தார்.

அக்குறணை ஹனிபா அவர்களின் அன்புப் புதல்வன் அந்தப் பாலத்தடியில் வபாத்தானதை அண்ணன் குறையில்லாமல் அறிவித்தார். பாசில் கேட்டான், பொறுப்பை எடுத்தான். பேராதனைப் பொடியன்களுக்கும் கேட்டது. "அண்ணே, ஓடுங்க" என்றேன். அவர் ஓடவில்லை. எந்த அறிவித்தலையும் இரண்டு தடவை சொல்வதுதான் அவர் வழக்கம். இரண்டாம் தடவை 'அன்னார்' என்று ஆரம்பிக்கும்போது சுட்டுவிட்டார்கள்.

அவர் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல யாருமில்லை. என் மைக்கைத் திறந்தேன்.

"கட்டுகஸ்தோட்டையை வசிப்பிடமாகக் கொண்ட..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. நிஸ்தாரைப் பார்த்தேன், அவனும் கையை விரித்தான்.

"அறிவித்தல்னே சொல்லுங்க தம்பி, போதும்," என்றார் அண்ணன் மெல்ல.

"...எங்கள் அறிவித்தல் அண்ணன் சற்றுமுன் காலமானார். அன்னார் நிஸ்தார், பாசில் ஆகியோரினதும் என்னுடையதும் அன்பு அண்ணன் ஆவார்." இரண்டு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை முடிந்ததும் என்னையும் சுட்டார்கள். பாலமும் போய்விட்டது.

அண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டார். "குரல கொஞ்சம் எறக்கணும் தம்பி. மத்தபடி நல்லாத்தான் சொன்னீங்க." தொப்பியை எடுத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தார்.

"எங்க போறீங்க?" என்றான் நிஸ்தார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. வார ஞாயிறு வெள்ளன வாங்க. வாப்பாட பேர ஞாபகம் வெச்சிக்கொள்ளுங்க, இனி கேக்க வாணாம்."

இன்றும் ஞாயிறு தவறாமல் வருகிறார், நாங்கள் தவறாமல் தோற்கிறோம். அவருடைய பெயரை மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை. அது எனக்குத் தேவைப்படும் நாள் வரவே வேண்டாம்.