மூத்த ஆலோசகர் மென்ற கோப்புகள்

வரிசை மாடிப்படி தொடங்கும் இடத்திலேயே தொடங்கிவிட்டது. கோப்பு இல்லாத கை ஒன்றுகூட இல்லை. பொறியாளர் ஒருவர் பாலத்தின் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். மருத்துவர் ஒருவர் தடுப்பூசித் திட்டத்தைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தார். விடுப்பு விண்ணப்பத்தோடு வந்த ஓட்டுநர் ஒருவரும் நடுவில் புகுந்திருந்தார். இவர்கள் எல்லோரும் காத்திருந்தது கல்வி மந்திரியைப் பார்க்க அல்ல. மந்திரி அறையில் இருக்கும் ஆட்டைப் பார்க்க.

வெள்ளை ஆடு. தோளில் பட்டுத் துணி. அலுவலகத்தில் அதற்குப் பெயர் மூத்த ஆலோசகர். அதை அழைத்து வந்தவர் மேய்ப்பானந்தர் என்னும் சாமியார். முறை மிக எளிது. இரண்டு கோப்புகளை மேசைமேல் வைக்க வேண்டும். மேய்ப்பானந்தர் தம் ஞானத்துண்டால் இரண்டையும் துடைத்துப் 'பரிசுத்தம்' செய்வார். ஆலோசகர் வந்து முகர்வார். ஓரத்தை மென்றால் ஒப்புதல். முழுவதையும் விழுங்கிவிட்டால் அவசர ஒப்புதல்.

ஆட்டின் புகழுக்குக் குறைவில்லை. அது ஒப்புதல் கொடுத்த பாலம் ஒன்று விரிசல் விட்டது உண்மைதான். "கட்டலாம்னுதானே ஆலோசகர் சொன்னாரு? நிக்கும்னு எப்ப சொன்னாரு?" என்று கேட்டார் மேய்ப்பானந்தர். பள்ளிக்கூட பெஞ்சுகளை எல்லாம் வடக்குப் பார்த்துப் போடும் கோப்பையும் ஆடு மென்றது. கரும்பலகை தெற்கே இருந்தது. ஓராண்டு முழுக்கப் பிள்ளைகள் பின்சுவரைப் பார்த்துப் பாடம் படித்தார்கள். தேர்ச்சி சரிந்தது. "திருப்பிப் போடாம இருந்திருந்தா இன்னும் சரிஞ்சிருக்கும்!" என்றார் மேய்ப்பானந்தர். கூட்டத்துக்குப் புல்லரித்தது.

புல்லரிக்காத ஒருத்தி அந்தக் கட்டடத்தில் இருந்தாள். மேல்மாடியில், லிஃப்ட் மோட்டார் உறுமும் அறைக்குப் பக்கத்தில், ஆய்வுப் பிரிவு என்று பெயர்ப்பலகை தொங்கும் ஒரு மூலையின் அதிகாரி. யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம்?" என்று கேட்பாள். அதனால் அவளுக்கு 'ஆதாரம் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் அதைத் திட்டு என்று நினைத்தார்கள். அவள் பட்டம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய அக்கா மகன் வகுப்பில் 'மக்கு' என்று பெயர் வாங்கியவன். பிறகுதான் தெரிந்தது, அவனுக்குப் பலகையே தெரியவில்லை என்று. கண்ணாடி போட்டதும் பையன் மாறிப்போனான். வேறு யாராவது என்றால் அன்றே கண்ணாடிக்குக் கோயில் கட்டியிருப்பார்கள். அவளோ, "ஒரு பையனை வெச்சு ஊருக்கே சொல்ல முடியாது" என்று சொல்லி ஒரு சோதனையில் இறங்கினாள். அது முடிய இரண்டு ஆண்டுகள் ஆயின. முடித்த கையோடு மந்திரியிடம் போனாள்.

"குலுக்கல் போட்டுப் பாதிப் பள்ளிக்கூடத்துல கண்ணைப் பரிசோதிச்சு, வேணுங்கிற பிள்ளைங்களுக்குக் கண்ணாடி குடுத்தோம் ஐயா. மீதிப் பாதிக்கு இன்னும் குடுக்கலை. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தா, கண்ணாடி போட்டதுங்க வாசிக்கிறதுல எங்கேயோ போயிடுச்சுங்க. மத்ததுங்க பழைய இடத்துலயே நிக்குதுங்க."

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார் மந்திரி. "ஆடு என்ன சொல்லுது?"

"ஆட்டுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

செயலாளர் இருமினார். அது 'வாயை மூடு' என்று பொருள்படும் இருமல்.

"பணம் ஒரு திட்டத்துக்குத்தான் இருக்கும்மா. பெயிண்ட் முதலாளி ஒரு கோப்பு குடுத்திருக்காரு. ஞானப்பச்சைன்னு பேரு. பலகையில அந்தப் பெயிண்டை அடிச்சா, எழுத்து தானா எழும்பி வந்து பிள்ளைங்க கண்ணுல உக்காருமாம்."

"அதுக்கு ஆதாரம்?"

"அதைத்தான் திங்கக்கிழமை ஆடு சொல்லப்போகுது!"

கண்ணாடிக் கோப்பு தோற்றால் மீதிப் பாதிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி கிடையாது. மக்கு என்ற பெயர் மட்டும் இலவசமாகக் கிடைத்துக்கொண்டே இருக்கும். அவள் கோபத்தோடு வெளியே வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே ஆலோசகர் இளைப்பாறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள் இருந்தது. ஆடு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. விடுப்புக்கு வந்த ஓட்டுநரின் வியர்த்த முழங்கையை மட்டும் விடாமல் நக்கியது. மேய்ப்பானந்தர் எழுந்து போனபோதும் அது அவர் பின்னால் போகவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டின் பின்னால் போனது.

அவள் நேராகப் பதிவறைக்கு இறங்கினாள். ஆடு ஒப்புதல் கொடுத்த கோப்பு ஒன்றை அலமாரியிலிருந்து உருவினாள். அக்கம்பக்கம் பார்த்தாள். நக்கினாள்.

"மேடம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பதிவறை எழுத்தர். "கேன்டீன் திறந்துதான் இருக்கு."

"இது உப்புக் கரிக்குது."

"பழைய கோப்பு மேடம். எத்தனை பேர் கண்ணீர் விட்டாங்களோ."

தள்ளுபடியான கோப்பு ஒன்றையும் எடுத்து நக்கினாள். சப்பென்று இருந்தது. எழுத்தர் கதவைப் பார்த்தார். ஓடுவதா, டாக்டரைக் கூப்பிடுவதா என்று யோசித்தார்.

"ஒரு உதவி பண்ணுங்க. எது எந்தக் கோப்புன்னு தெரிஞ்சுக்கிட்டே நக்கினா, நான் நினைக்கிற ருசிதான் எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கறேன். நீங்க கலைச்சுக் குடுங்க."

"வேலையில சேரும்போது இதையெல்லாம் சொல்லவே இல்லையே மேடம்," என்று முனகியபடியே எழுத்தர் நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு உப்பு, சப்பு, உப்பு என்று சொல்லிக்கொண்டே போனாள். உப்பு என்றவை எல்லாம் ஒப்புதல் பெற்றவை. சப்பு என்றவை எல்லாம் தள்ளுபடி. எழுத்தருக்கும் ஆசை வந்துவிட்டது. அவரும் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் அதே விடை.

"பெஞ்சு கோப்புல உப்பு கொஞ்சம் தூக்கல்," என்று கருத்தும் சொன்னார். "உடனே ஐயாகிட்ட போய்ச் சொல்லிடுங்க மேடம்!"

"கோப்பை நக்கிப் பார்த்தேன்னு சொன்னா ஆட்டை வெச்சுக்கிட்டு என்னை அனுப்பிடுவாரு. அவர் கண்ணு முன்னாடியே நடக்கணும்."

திங்கட்கிழமை மந்திரி அறையில் நிற்க இடமில்லை. பெயிண்ட் முதலாளி பச்சைச் சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வென்றுவிட்ட முகம். மேய்ப்பானந்தர் துண்டின் காய்ந்த முனையால் கண்ணாடிக் கோப்பைத் துடைத்தார். ஈர முனையை எடுத்துக்கொண்டு ஞானப்பச்சையிடம் போனார்.

"சாமி, ஒரு சின்ன சந்தேகம்," என்று எழுந்தாள் ஆதாரம் மேடம். "கோப்புல என்ன இருக்குன்னு புரிஞ்சுக்கிட்டுத்தானே ஆலோசகர் மெல்லுறாரு?"

"பின்னே? அட்டைக்குள்ள இருக்கிறதை அப்படியே உணருவாரு!"

"அப்ப வெத்துத்தாளை மெல்ல மாட்டாரு, இல்லையா?"

"சீச்சீ! அதுல என்னம்மா விஷயம் இருக்கு?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க. துண்டைக் குடுங்க சாமி."

மேய்ப்பானந்தர் துண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இது அடுத்தவங்க கை படக்கூடாத துண்டு!"

"துண்டுதானே சாமி, குடுங்க," என்றார் மந்திரி. வேறு வழியில்லை.

அவள் சொன்னபடி செயலாளர் வெற்றுத்தாள்களையும் துண்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். சில தாள்களைத் துண்டின் ஈர முனையால் துடைத்தார். மற்றவற்றில் குழாய்த் தண்ணீரைத் தடவிப் பின்பக்கம் ஒரு புள்ளி வைத்தார். கலைத்தார். பியூன் அதைத் தூக்கி வந்து மேசையில் பரப்பினார். எது எது என்று அறையில் யாருக்கும் தெரியாது. மேய்ப்பானந்தருக்கு இல்லை, ஆட்டுக்கு இல்லை, அவளுக்கும் இல்லை.

ஆலோசகர் வந்தார். முகர்ந்தார். சிலவற்றை வாரி விழுங்கினார். சிலவற்றைத் தும்மி ஒதுக்கினார். ஒதுக்கியவற்றை அவள் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் புள்ளி. எல்லாம் குழாய்த் தண்ணீர்.

மேய்ப்பானந்தர் கையைத் தூக்கினார். "அது வெத்துத்தாள் இல்லை! இன்னும் எழுதாத திட்டம்! ஆலோசகர் எதிர்காலத்தைத் தின்னுட்டாரு!"

"ஆகா!" என்றது கூட்டம். பொறியாளர் கைதட்டினார். படித்தவர் அல்லவா, பலமாகத் தட்டினார்.

ஆதாரம் மேடம் பெருமூச்சு விட்டாள். ஒரு தாளை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதி உரக்கப் படித்தாள்: "மேய்ப்பானந்தர் ஒரு மோசடிக்காரர்." ஈர முனையால் அதை நன்றாகத் துடைத்து ஆட்டின் முன் வைத்தாள். ஆலோசகர் ஒரே வாயில் விழுங்கிவிட்டு, நகல் ஏதாவது இருக்கிறதா என்று மேசையைத் தேடினார்.

"அவசர ஒப்புதல்," என்றாள். "இப்ப சொல்லுங்க சாமி. ஆடு சொன்னது உண்மையா, பொய்யா?"

உண்மை என்றால் அவர் மோசடிக்காரர். பொய் என்றால் ஆடு மோசடி. மேய்ப்பானந்தர் வாசல் பக்கம் ஓரடி நகர்ந்தார். மந்திரி துள்ளி எழுந்தார்.

"பிடிங்கய்யா இந்த ஆளை! இவன் மோசடின்னு ஆடே சொல்லிடுச்சு! ஆடு சொன்னா தப்பாகுமா?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயா, ஆடு ஒண்ணுமே சொல்லலை. தயவு பண்ணி இந்தத் துண்டை நக்கிப் பாருங்க."

மந்திரி நக்கினார். முகம் கோணியது. "உப்பு!" துண்டு கைமாறிச் செயலாளரிடம் போனது, பொறியாளரிடம் போனது, வாசல்வரை போனது. போன இடமெல்லாம் 'உப்பு, உப்பு' என்று முணுமுணுப்பு. பெயிண்ட் முதலாளி நைசாக நழுவப் பார்த்தார். பயத்தில் வியர்த்து நனைந்திருந்த அவர் சட்டை நுனியை ஆலோசகர் அன்போடு கவ்விக்கொண்டார்.

"என்னை மட்டும் ஏன்யா முறைக்கிறீங்க?" என்று பெயிண்ட் முதலாளியைக் காட்டிக் குமுறினார் மேய்ப்பானந்தர். "எந்தக் கோப்பு ஈரமாகணும்னு சொன்னதே இந்த ஆளுதான்! பெஞ்சைத் திருப்பிப் போட்ட கான்ட்ராக்டும் இவர் மச்சானுக்குத்தான்!"

இருவரையும் காவலர் அழைத்துப் போனார். ஆட்டுக்கு வழக்கு இல்லை. அது யாரையும் நம்பச் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்தது. மந்திரி நாற்காலியில் சாய்ந்தார். "ஏம்மா, ஆடும் போச்சு. இனிமே நான் எப்படி முடிவெடுக்கிறது?"

"அறிக்கையைப் படிக்கலாம் ஐயா."

"படிக்கணுமா?" மந்திரி கலங்கிப்போனார். வாங்கி, கையை நீட்டிப் பிடித்தார். இன்னும் நீட்டினார். கை போதவில்லை. எழுந்து, அறிக்கையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. பையிலிருந்து ஒரு வாசிப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். மந்திரி மாட்டிக்கொண்டார்.

"அட!" என்றார். "எழுத்தா இது? நான் எறும்பு ஊருதுன்னுல்ல நினைச்சேன்!"

பதவிக்கு வந்தபின் முதல்முறையாக ஓர் அறிக்கையை முழுவதும் படித்தார். முதல்முறையாக ஒரு கேள்வியும் கேட்டார்: "இந்த மீதிப் பாதிப் பள்ளிக்கூடம் இருக்கே, அந்தப் பிள்ளைங்களுக்கு எப்பம்மா குடுப்போம்?"

"நீங்க கையெழுத்துப் போட்டா அடுத்த வாரமே ஐயா."

போட்டார். இந்த முறை, கையெழுத்துக்கான கோட்டின்மேலேயே போட்டார்.

அவள் கோப்போடு படியிறங்கியபோது கீழே சிலர் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஆடு பொய்ங்கிறதை அந்த ஆடே காட்டிக்குடுத்துடுச்சாமே! என்ன சக்தி பாரு!"

ஆட்டைக் குறை சொல்லாதீர்கள். அது உப்புக்காகத் தாளை மென்றது. அதில் அதற்கு ஒரு லாபம் இருந்தது. ஒரு கல் உப்புக்கூடக் கிடைக்காமல் நம்பினோமே, நாம்? யோசித்துப் பாருங்கள், ஆட்டைக் கேட்காமல்.