நோட்டீஸ் அண்ணாச்சி வீட்டை அடமானம் வைத்தார்

விருதுநகர் மாவட்டத்திலேயே கோபத்தை அச்சடித்து விநியோகித்த ஒரே மனிதர், சிவகாசியில் எங்கள் பக்கத்து வீட்டு நோட்டீஸ் அண்ணாச்சிதான். மற்றவர்கள் கோபம் வந்தால் கத்துவார்கள். அவர் கத்திவிட்டு, நேராகப் பழைய கூட்டாளியின் அச்சகத்துக்குப் போவார். சாயங்காலத்துக்குள் ரோஸ் கலர் நோட்டீஸ் தெருவெல்லாம் பறக்கும்.

தண்ணீர்க் குழாய் உடைந்து கிடந்தபோது, 'எங்கள் தெருவில் புதிய அருவி. குளிக்க அனைவரும் வருக. உபயம்: நகராட்சி' என்று அடித்தார். வீட்டில் விடாமல் கத்தரிக்காய் சமைத்ததற்கு ஒரு கண்டன நோட்டீஸ் அடித்து மனைவி கையிலேயே கொடுத்தார். புஷ்பம் மதினி அதைத் தரையில் விரித்து, அதன்மேல் கத்தரிக்காயை நறுக்கினார்.

அவருக்கு நியாயமான கோபம் வந்தது ஒரு தீபாவளியன்று. மதினிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து, சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தார். ஆபரேஷன் பேச்சு எழுந்ததும், சென்னையிலிருந்து தம்பியோடு வந்திருந்த மூத்த மகன் சொன்னான்: "வீட்ட வித்துருவோம்ப்பா. நீங்க எங்கூட, அம்மா தம்பி கூட."

"ஏலே, நாங்க என்ன கேலண்டரும் டைரியுமா, ஆளுக்கு ஒண்ணா எடுத்துட்டுப் போக?" என்று கத்தினார் அண்ணாச்சி.

"அப்ப எங்ககிட்ட எதுவும் கேக்காதீங்க" என்று இருவரும் காரில் ஏறிவிட்டார்கள். பெற்றவள் வாசல்வரை வர முடியாமல் உள்ளேயிருந்தே கையாட்டினாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வயதானவர்கள் குடியிருக்கும் வீட்டை வைத்தே வங்கியில் மாதாமாதம் பணம் வாங்கலாம் என்று கேள்விப்பட்டு, நான்தான் அவர்களைக் கூட்டிப்போனேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "பிள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க. அவங்க சம்மதிக்கணும்."

"நான் சம்பாதிச்சுக் கட்டுன வீட்டுக்கு அவன்க சம்மதமா?"

மறுநாள், மதினியை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு, வங்கி வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்தார்: 'எழுபது வயதாகியும் நான் மைனர். என் பிள்ளைகள் அனுமதி தந்ததும் மேஜராவேன்.'

மேனேஜரம்மாவே வெளியே ஓடி வந்தார். "உள்ள வாங்கண்ணாச்சி. பிள்ளைக சம்மதமெல்லாம் வேண்டாம்."

"அடமானம்னா நான்தான மாசாமாசம் கட்டணும்?"

"இது தலைகீழ் அடமானம். பேங்க் உங்களுக்குத் தரும். வைத்தியத்துக்குக் கொஞ்சம் மொத்தமாவும் வாங்கலாம். வீட்டு வரியக் கட்டி, வீட்ட நல்லா வச்சுக்கிடணும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இருக்கிற வரைக்கும் அங்கனயே குடியிருக்கலாம்."

"பணம் கடைசி வரைக்கும் வருமாம்மா?" என்றார் மதினி.

"குறிப்பிட்ட காலத்தோட நின்னுரும்மா. வட்டியும் ஏறிக்கிட்டே இருக்கும். ஆனா யாரும் உங்கள எழுப்ப மாட்டோம். உங்களுக்குப் பொறவு பிள்ளைக கடன அடைச்சு வீட்ட எடுத்துக்கலாம். இல்லன்னா பேங்க் வித்து, மிச்சத்த அவங்களுக்குக் குடுத்துரும்."

"மிச்சம் எதுக்கு அந்தப் பயகளுக்கு?" என்று அண்ணாச்சி எழுந்துவிட்டார். மதினி வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

மேனேஜரம்மா பத்திரத்தைப் பிரித்தார். "வீடு அம்மா பேர்ல இருக்கே!"

அண்ணாச்சி திருதிருவென்று விழித்தார்.

"கோவத்துல யாருக்காச்சும் எழுதிக் குடுத்துருவீகன்னு அன்னைக்கே என் பேர்ல பதியச் சொன்னேன்லா? மறந்துட்டீகளா?"

மதினியே கையெழுத்துப் போட்டார். அந்தப் பணத்தில் அவருக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்தது. சேதி எட்டியதும் மூத்தவன் போனில் குதித்தான். "அடமானம் வச்சு எங்க மானத்த வாங்கிட்டீங்களேம்மா!"

அண்ணாச்சி போனைப் பிடுங்கக் கை நீட்டினார். மதினி கொடுக்கவில்லை.

"ஏலே, நான் சுவத்தப் பிடிச்சு நடந்தப்ப போகாத மானம், நேரா நடக்கையிலதான் போகுதோ?"

அண்ணாச்சி வாழ்நாளில் முதல்முறையாகத் தன் முறைக்குக் கத்தாமல் சிரித்தார்.

போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு பிள்ளைகள் வீட்டுப் பேச்சை எடுத்தார்கள். மதினி அசையவில்லை. வங்கியும் அவரை அசைக்கவில்லை. அந்த வீட்டிலேயேதான் இருக்கிறார்.

தெரு இப்போது ரொம்ப அமைதியாக இருக்கிறது. எனக்குத்தான் அந்த மனுஷனைத் தேடுகிறது.