நின்கேயின் அறைக் கதவில் மாட்டுக்கொட்டகைப் பலகை

ஃபிரீஸ்லாந்து, மார்ச் 9

கர்த்தரின் நிழலில் சுகமாயிருக்கும் கிரீத்யே அண்ணிக்கு, உங்கள் தம்பி மனைவி யெல்ட்யே பணிவோடு எழுதுவது. உங்கள் முழங்கால் வலிக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். இங்கே உங்கள் தம்பி வோப்பேயும் எழுபத்திரண்டு பசுக்களும் சுகம். எங்கள் மகள் நின்கேக்குக் குழந்தை பிறந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

வீட்டிலேயே பெறுவதாக, மருத்துவச்சி குனியாமல் பார்க்கக் கட்டிலைக் கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்தோம். பனிக்குடம் உடைந்தபோது நீர் பச்சையாக, குழந்தைக்கு ஆபத்து வரலாம் என்று காட்டும் நிறத்தில் இருந்ததால், மருத்துவச்சி ஹெஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று நின்கேயிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் கிளப்பினாள். மாப்பிள்ளை கப்பலில் இருப்பதால் நானும் உங்கள் தம்பியும் கூடப் போனோம். அன்றைக்கு மதியம் வரை என் மகளிடம் அனுமதி கேட்டவள் அவள் ஒருத்திதான் அண்ணி. அங்கே பெரிய டாக்டர் நான்கு மாணவர்களோடு வந்தார், போர்வையைத் தூக்கினார், கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சோதித்தார், மாணவர்களையும் பார்க்கச் சொன்னார், "மூன்றாம் அறை ஐந்து சென்டிமீட்டர்" என்றார், போய்விட்டார். மூன்றாம் அறை என்பது என் மகள்தான் என்று எனக்குப் புரியவே சற்று நேரமாயிற்று. நான் சும்மா இருக்கமாட்டாமல் பால் நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தேன்: மதியத்துக்குள் உள்ளே வந்தவர்கள் பதினான்கு பேர், கதவைத் தட்டியவர் ஒருவர், அவரும் அறை மாறி வந்த தொலைக்காட்சி ரிப்பேர்க்காரர்.

கடைசியில் நின்கே என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே என்னைக் கேக்காம யாரும் தொடக்கூடாதும்மா. நான் ஒத்துக்குவேனா மாட்டேனாங்கறது அப்புறம். முதல்ல கேக்கட்டும்" என்றாள். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். வலியில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார், அதையும் கேட்காமல்தான்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் தம்பி, "மாட்டு டாக்டரே நம்ம கொட்டாய்க்குள்ள இப்படி வரமாட்டாரே" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு இறங்கிப் போனார். பெயின்டரிடமிருந்து முதல்நாள் வாங்கிய கொட்டகைப் பலகை அதில்தான் கிடந்தது: "அனுமதியின்றி நுழையாதீர். காலில் உறை மாட்டி, மணியடித்துக் காத்திருக்கவும். உள்ளே சினையுள்ளது." அதைக் கதவில் தொங்கவிட்டு, பசுப் படத்தின் மேல் தன் தொப்பியை மாட்டி, மணியையும் ஒரு கட்டு நீல பிளாஸ்டிக் உறையையும் வைத்தார். மகள் வாயால் சொல்லி நடக்காதது பலகைக்கு நடந்தது அண்ணி. தேநீர் கொண்டுவந்த பெண் தள்ளுவண்டியின் நான்கு சக்கரத்துக்கும் உறை மாட்டினாள். மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். பெரிய டாக்டர் ஒற்றைக்காலில் தள்ளாடியபடி உறையை இழுத்துவிட்டு மணியடித்தார்.

"யாரு?" என்றாள் நின்கே. பெயரைச் சொன்னார்; அவருக்குப் பெயர் உண்டு என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

"எதுக்கு?"

"சோதிச்சுப் பாக்கணும்."

"குழந்தையோட துடிப்பு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நில்லுங்க. வேணும்னா கூப்பிடறேன்."

நின்றார் அண்ணி. நின்கே கட்டிலில் மண்டியிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், ஒவ்வொன்றையும் ஹெஸ்டர் கேட்டுக் கேட்டுச் செய்தாள். இப்போது வரலாமா என்று வெளியிலிருந்து டாக்டர் மறுபடி கேட்டபோது உள்ளேயிருந்து குழந்தைதான் பதில் சொன்னது. பிறகு நின்கே கூப்பிட்டு, பிள்ளை பிறந்ததற்கு வழக்கமாகக் கொடுக்கும் இளஞ்சிவப்புச் சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க்கை நீட்டினாள். "எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் தொட்டார்.

இதைச் சபையின் பெண்கள் கூட்டத்தில் நீங்கள் முழுவதும் வாசிக்க வேண்டும். பிள்ளை சுமப்பவர்களுக்குத் தைரியம் வரட்டும். ஐந்து சென்டிமீட்டர் என்ற இடத்தை இரண்டு முறை வாசியுங்கள். ஆண்டவர் உங்கள் முழங்காலையும் வீட்டையும் தாங்குவாராக.

அன்புடன்,
யெல்ட்யே

பி.கு.: கடித உறையை ஒட்டுமுன் நின்கே இதை வாங்கிப் படித்தாள். "என் போர்வைக்குள்ள நடந்ததை நாப்பது பேருக்குச் சொல்லலாமான்னு என்கிட்ட கேட்டியாம்மா?" என்றாள். கேட்கவில்லை அண்ணி. அத்தைக்கு மட்டும் என்றால் சரி என்று விட்டிருக்கிறாள். ஆகவே கூட்டத்தில் மேலே உள்ள எதையும் வாசிக்க வேண்டாம். வாசிக்க அவள் அனுமதித்தது இவ்வளவுதான்: பெண் குழந்தை, இருவரும் சுகம். எடையைச் சொல்லலாமா என்று நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன்.